அப்பா போன பிளேன் இன்னமும் ஓடுதா? பொகவந்தலாவ தங்கச்சிக்கு ஒரு பதில்

பொகவந்தலாவயில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அம்மாவ கூட்டிக்கிட்டு திருச்சிக்கு சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு போறாங்களாம், அடுத்த மாசம் தம்பி ரியாத்துக்கு வேலைக்கு போறானாம், ரெண்டும் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் டிக்கெட். திருச்சி டிக்கெட்ல 320ன்னு போட்டிருக்கு, தம்பியோடதுல 333ன்னு இருக்கு, அது என்னன்னு ஒரு கேள்வி. "நான் 84ல டுபாய் போன அதே பிளேனத்தான் இன்னமும் ஓட்டுறானுங்க"ன்னு அப்பா சொல்றாராம், அது நெசமான்னு ரெண்டாவது. மூணாவது அம்மாவோட பயம். ஏழு கன்னியர் மலையில மோதுன பிளேனும் இவங்களோடதுதானேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்.

கட்டுநாயக்க ஹேங்கர்ல பல வருசம் பிளேன் ரிப்பேர் வேலை பாத்தவன் நான், சொந்த ஊரு தலவாக்கலை. அதனால அம்மாவோட பயம் எனக்கு நல்லா புரியுது, எங்க வீட்டுலயும் இதே பேச்சுதான். அதுக்கே மொதல்ல வர்றேன்.

1974 டிசம்பர் 4ஆம் திகதி ராத்திரி அந்த மலையில மோதுனது மார்ட்டின்எயார்ங்கிற நெதர்லாந்து கம்பெனியோட டீசி-8. இந்தோனேசியாவில சுரபாயாவுல இருந்து ஹஜ் போற ஆளுங்கள ஏத்திக்கிட்டு கொழும்புல எறங்க வந்தது. 182 பயணிகள், 9 ஊழியர்கள், 191 பேர்ல ஒருத்தர் கூட தப்பல. நோட்டன் பக்கம் அந்த பிளேனோட டயர் ஒண்ண ஞாபகத்துக்கு வச்சிருக்காங்க, அம்மா அத பாத்திருப்பாங்க. நம்ம நாட்டு கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. விமானிங்க தாங்க எங்க இருக்கோம்ங்கிறத தப்பா கணிச்சு, எயார்போர்ட் கிட்ட வந்தாச்சுன்னு நெனச்சு மலைக்கு மேலயே கீழ எறக்கிட்டாங்க, அதுதான் காரணம். இப்ப ஒங்க டிக்கெட்ல இருக்கிற ரெண்டு வகை பிளேன்லயும் தரையோட உயரம் எல்லாம் பதிஞ்ச கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு, முன்னால மலை இருந்தா காக்பிட்ல ஸ்க்ரீன்லயும் காட்டும், சத்தம் போட்டும் சொல்லும். அந்த ராத்திரி வந்த பிளேன்ல அப்படி ஒரு சாமான் இருந்திருந்தா, ன்னு நான் பல தடவ யோசிச்சிருக்கேன்.

இனி அப்பா விசயம். அவர் 84ல போனது பெரும்பாலும் ட்ரைஸ்டார்தான், ஸ்ரீலங்கனுக்கு அப்ப எயார் லங்கான்னு பேரு, அந்த காலத்துல எயார் லங்கான்னா ட்ரைஸ்டார். லொக்ஹீட் கம்பெனி செஞ்சது, ரெண்டு எஞ்சின் றெக்கையில, மூணாவது வால்ல. அப்பாகிட்ட கேட்டு பாருங்க, வாலோட அடியில பெரிய ஓட்டை மாதிரி ஒண்ணு இருந்துச்சான்னு, ஆமான்னு சொன்னா அதேதான். அந்த பிளேன் ஒண்ணு கூட இப்ப இல்ல, 2000 வாக்கிலயே எல்லாம் போயிருச்சு. எறங்குறப்ப அவ்வளவு சொகுசா எறங்கும், அதோட வேலை பாத்த பெரியவங்க இன்னமும் அத பத்தி பேசினா பேச்ச நிறுத்த மாட்டாங்க.

அதுக்கும் முன்னால இருந்தது எயார் சிலோன். 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையில இருந்து காங்கேசன்துறை வழியா மெட்ராஸுக்கு போனதுதான் மொத பயணம், பிளேன் டீசி-3, காத்தாடி எஞ்சின் ரெண்டு வச்சது. அதுக்கு வச்ச பேரு சீதாதேவி. நுவரெலியாவுக்கு போனா பக்கத்துல சீதாஎலிய கோயில்ல கும்பிட்டுட்டு வர்ற நமக்கு இந்த பேர கேட்டா ஒரு மாதிரி சந்தோசமா இருக்கும், ஆனா நம்ம சனங்கள்ல ரொம்ப பேருக்கு இது தெரியாது. அப்புறம் வெளிநாட்டு கம்பெனிங்களோட கூட்டு சேந்து சூப்பர் கான்ஸ்டலேஷன், கொமெட், விசி10ன்னு ஓட்டினாங்க, சொந்தமா ஆவ்ரோ, ஒரு ட்ரைடென்ட் ஜெட்டுன்னு வச்சிருந்தாங்க, 70கள் முடியிறப்ப அந்த கம்பெனியே மூடிட்டாங்க.

1979 செப்டம்பர் 1ஆம் திகதி எயார் லங்கா பறக்க ஆரம்பிச்சது சிங்கப்பூர் எயார்லைன்ஸ்கிட்ட குத்தகைக்கு எடுத்த ரெண்டு போயிங் 707ல. வால்ல மயில் வந்தது அப்பதான், இராவணனோட தண்டு மொனராங்கிற மயில் வாகனத்த நெனச்சு. அடுத்த வருசமே ட்ரைஸ்டார் வந்துருச்சு, 1982ல புத்தம் புதுசாவே வாங்கினாங்க. 80களோட நடுவுல ரெண்டு ஜம்போ, அதான் 747, குவாண்டாஸ்கிட்ட இருந்து வந்துச்சு, கிங் விஜய, கிங் திஸ்ஸன்னு பேரு வச்சாங்க, ஆனா நம்ம நாட்டுக்கு அவ்வளவு பெரிய பிளேன் கட்டுப்படியாகல, சீக்கிரமே போயிருச்சு. 1986 மே 3ல ஒரு ட்ரைஸ்டார் கட்டுநாயக்கயில நிக்கிறப்பவே குண்டு வெடிச்சு 21 பேர் செத்தாங்க.

எயார்பஸ் வந்தது 90கள்ல. 1992ல ஏ320, 1994ல நாலு எஞ்சின் வச்ச ஏ340. 1998ல எமிரேட்ஸ் பங்கு வாங்கினதுக்கு அப்புறம் பேர ஸ்ரீலங்கன்னு மாத்தினாங்க, ஏ330-200 வாங்கினாங்க, 2001 ஜூலை 24 கட்டுநாயக்க எயார்போர்ட்ல நடந்த தாக்குதல்ல அதுல ரெண்டும் ஒரு ஏ340யும் எரிஞ்சே போச்சு, இன்னும் சிலது சேதம். கையில இருந்ததே ஒரு டசன் பிளேன், அதுல இவ்வளவு போனா கம்பெனி எப்படி எழும்பும்னு யோசிச்சு பாருங்க. எழும்புச்சு.

இப்ப இருக்கிறது முழுக்க எயார்பஸ், இருபது சொச்சம். ஒங்க டிக்கெட்ல இருக்கிற நம்பர் பிளேனோட மொடல். 320ன்னா ஏ320, நடுவுல ஒரே நடைபாதை, ரெண்டு பக்கமும் மூணு மூணு சீட். 321 அதோட நீளமான அண்ணன். 32என், 32கியூன்னு இருந்தா நியோ, புது எஞ்சின் போட்டது, 2017ல இருந்து வந்தது. 332, 333 ரெண்டும் ஏ330, அகலமான பிளேன், ரெண்டு நடைபாதை. தம்பி போற 333 தான் இப்ப கம்பெனியில இருக்கிறதுலயே பெருசு, 297 பேர் போகலாம், 2014, 2015ல புதுசா வந்தது. இதவிட புதுசா ஏ350 வாங்க ஒப்பந்தம் போட்டு அப்புறம் 2016ல ரத்து பண்ணிட்டாங்க. காசல்ரீ தண்ணியில எறங்குற சின்ன பிளேன பத்தியும் சிலர் கேப்பாங்க, அது சினமன் எயாரோட ஸெஸ்னா, இந்த கணக்குல வராது.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, டிக்கெட்ல ஒரு நம்பர் இருந்தாலும் அன்னைக்கு வேற பிளேன் வந்து நிக்கலாம், அப்படி மாத்துறது எல்லா கம்பெனியிலயும் உள்ளதுதான். எது வந்திருக்குன்னு பாக்கணும்னா பிளேனோட பின் பக்கத்துல 4ஆர்னு ஆரம்பிக்கிற பதிவு நம்பர பாருங்க, அது இலங்கையோட அடையாளம். அத ஃப்ளைட்ரேடார்24ங்கிற, பிளேன் எங்க பறக்குதுன்னு காட்டுற வெப்சைட்ல அடிச்சா மொடல் வந்துரும். இல்லன்னா சீட்டுக்கு முன்னால இருக்கிற பாதுகாப்பு அட்டையிலயே போட்டிருக்கும்.

பழசா புதுசாங்கிற கேள்விக்கு நான் நேரா சொல்றேன், வயச பாத்து பயப்படாதீங்க. பஸ் மாதிரி ஓடுற வரைக்கும் ஓட்டிட்டு ரோட்டுல நின்னா பாக்குற கதை இங்க நடக்காது. இத்தன மணி நேரம் பறந்தா இது, இத்தன தடவ ஏறி எறங்கினா அதுன்னு கணக்கு இருக்கு, அந்த நேரம் வந்தா பிளேன ஹேங்கர்ல போட்டு தரை பலகையெல்லாம் கழட்டி, வெடிப்பு இருக்கா துரு இருக்கான்னு ஒவ்வொரு எடமா பாப்போம், எஞ்சின கழட்டி வேற மாட்டுவோம், சக்கரக் கால கூட மொத்தமா கழட்டி ஓவர்ஹோல் பண்ணுவோம். கையெழுத்து போட்டவன் பேரு அந்த பேப்பர்ல இருக்கும், அவன் ராத்திரி நிம்மதியா தூங்கணும்ல. 2022 பொருளாதார நெருக்கடிக்கு அப்புறம் நடந்தத பாருங்க, எஞ்சின் கிடைக்காம கொஞ்ச நாள் தரையில நின்னது புதுசா வந்த நியோதான், பழைய ஏ320 பறந்துக்கிட்டுதான் இருந்துச்சு. கைவசம் பிளேன் கொறஞ்சதால லேட்டாகும், அது வேற விசயம். தம்பிக்கு ரியாத்ல இருந்து வேற எங்கயாச்சும் மாறி போற டிக்கெட் இருந்தா நடுவுல நல்லா நேரம் விட்டு போட சொல்லுங்க.

சீட்டுக்கு வருவோம். தம்பியோட பிளேன்ல சாதாரண வகுப்பு 2-4-2, ஓரத்துல ரெண்டு சீட் கெடச்சா பக்கத்துல ஒருத்தர்தான், செக்கின்ல கேட்டு வாங்க சொல்லுங்க. நீங்களும் அம்மாவும் போறதுல ஜன்னலும் நடு சீட்டும் எடுங்க, ஜன்னல் பக்கம் அம்மா ஒக்காரட்டும்.

மேல போனா மூச்சு முட்டுமான்னு அம்மா கேட்டா இத சொல்லுங்க. பிளேன் முப்பதாயிரம் அடிக்கு மேல பறந்தாலும் உள்ள இருக்கிற காத்து கூடிப்போனா 8,000 அடியில இருக்கிற மாதிரிதான் இருக்கும், நம்ம பிதுருதலாகலை உச்சி 8,281 அடி. ஹோட்டன் சமவெளிக்கு போய் நடந்துட்டு வந்த அம்மாவுக்கு இது ஒண்ணுமே இல்ல. காது அடைக்கிறது மட்டும் வரும், கினிகத்தேனை பக்கம் பஸ் கீழ எறங்குறப்ப அடைக்குதே அதேதான், கொஞ்சம் கூடவா இருக்கும், எச்சில் முழுங்கினா விட்டுரும். சளி காய்ச்சல் இருந்தா மட்டும் போறதுக்கு முன்ன டொக்டர்கிட்ட காட்டுங்க. திருச்சிக்கு ஒரு மணி நேரம்தான், ஏறி ஒக்காந்து கொஞ்ச நேரத்துலயே எறங்க ஆரம்பிச்சிரும், அப்ப வாயில போட அம்மா கையில ரெண்டு டொபி குடுத்து வைங்க.