பொத்தானில் என்ன எழுதுவது? வசதிகளுக்குப் பெயர் வைப்பது பற்றிய கேள்வி பதில்

மென்பொருளில் சேரும் புதிய வசதிகளுக்கும் பொத்தான்களுக்கும் பெயர் வைப்பது பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை. அது தொடர்பாக வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் கீழே விடை சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் செயலியில் ஒரு கட்டுரையைப் பிறகு படிப்பதற்காக எடுத்து வைக்கும் வசதியைச் சேர்த்திருக்கிறோம். 'சேமி', 'பிடித்தவை', 'புத்தகக்குறி' என்ற மூன்று பெயர்களில் எதை வைப்பது என்று குழுவில் இரண்டு வாரமாக வாக்குவாதம் நடக்கிறது. வாக்கெடுப்பு நடத்தியும் முடிவுக்கு வர முடியவில்லை.

பதில்: முடிவுக்கு வர முடியாததில் வியப்பில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாக ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதை ஃபர்னாஸ், லாண்டவர், கோமெஸ், டூமே ஆகிய நால்வர் 1987இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே உங்களுக்குப் பளிச்சென்று தோன்றும் சொல் பயனருக்கும் அப்படியே தோன்றும் என்று நம்ப இடமில்லை. வாக்கெடுப்பு நடத்தினால் குழுவில் யாருக்குச் செல்வாக்கு அதிகமோ அவருடைய சொல் வெல்லும்; அதற்கும் பயனருக்கும் தொடர்பில்லை.

மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 'சேமி' என்ற சொல் உங்கள் செயலியின் சுயவிவரத் திரையில் ஏற்கெனவே இருக்கும். அங்கே மாற்றத்தைப் பதிந்துகொள்வதையும் இங்கே கட்டுரையை எடுத்து வைப்பதையும் ஒரே சொல்லால் குறித்தால், சேமித்தது எங்கே போயிற்று என்று தேடுவார்கள். 'பிடித்தவை' என்பது ஒரு கருத்தைச் சொல்கிறது. ட்விட்டரில் நட்சத்திரக் குறியோடு இருந்த 'பிடித்தவை' வசதியைப் பலரும் பிறகு படிப்பதற்கான அடையாளமாகவே பயன்படுத்தி வந்தார்கள். 2015 நவம்பரில் அது இதயக் குறியாகவும் 'விருப்பம்' என்ற பெயராகவும் மாறியபோது, தாங்கள் ஏற்காத ஒரு செய்தியைக் குறித்துவைக்க அவர்களுக்குக் கை வரவில்லை. 'புத்தகக்குறி' உலாவியோடு பழகியவர்களுக்கு மட்டுமே விளங்கும். வாடிக்கையாளர் உதவிக்கு வந்த கடிதங்களைப் புரட்டிப் பாருங்கள். 'அப்புறம் படிக்கலாம் என்று வைத்தேன், காணவில்லை' என்று யாராவது எழுதியிருப்பார்கள். அந்த வாக்கியத்தில் இருந்தே 'பிறகு படிக்க' என்ற பெயர் கிடைத்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் விற்பனைப் பிரிவினர் புதிய தேடல் வசதிக்கு 'மின்னல்' என்று பெயரிட விரும்புகிறார்கள்.

பதில்: விளம்பரத்தில் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும், மெனுவில் 'தேடு' என்றே இருக்கட்டும். விளக்கம் சொன்னால்தான் புரியும் பெயர் ஒவ்வொன்றும் பயனர் மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு சொல்லாகிவிடுகிறது.

கேள்வி: அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெறும் வசதியை உருவாக்கியிருக்கிறேன். உண்மையில் செய்தி சில நொடிகள் எங்கள் வழங்கியிலேயே (சர்வரிலேயே) காத்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் 'தாமதமாக அனுப்பு' என்பதுதான் நேர்மையான பெயர் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: நிரல் எழுதியவருக்கு அது நேர்மையான பெயர்தான், ஆனால் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டுப் பதறும் ஒருவர் தாமதத்தையா தேடுவார்? ஜிமெயில் இதே வசதியை 2015இல் முறையான அமைப்பாக ஆக்கியபோது 'அனுப்பியதைத் திரும்பப் பெறுதல்' என்ற பொருளிலேயே பெயர் வைத்தது. அங்கும் கடிதம் அதிகபட்சம் 30 நொடி காத்திருக்கிறது. அவ்வளவே உள்ளே நடப்பது. பயனர் அடைய விரும்பும் பயனைப் பெயர் சொல்கிறது, நேர வரம்பைப் பக்கத்தில் உள்ள சிறு வரி சொல்கிறது. நீங்களும் அப்படியே செய்யலாம்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பயனைப் பெயராக வைத்தால், அந்தப் பயன் முழுமையாகக் கிடைக்கவேண்டும். குரோம் உலாவியின் 'மறைநிலை' 2008இல் வந்தது. அது அந்தக் கணினியில் வரலாற்றை விட்டுவைக்காது. ஆனால் நாம் போகும் இணையதளமோ இணைய இணைப்பு தரும் நிறுவனமோ நம்மைப் பார்ப்பதை அது தடுக்காது. பெயரைக் கேட்டவர்கள் யாருக்கும் தெரியாமல் உலாவலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2020இல் இது தொடர்பாகக் கூகுள் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2024இல் அந்த நிறுவனம் திரட்டிய பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. முகப்புத் திரையில் விளக்கம் இல்லாமல் இல்லை, பெயரின் குரல் அந்த விளக்கத்தைவிட ஓங்கி ஒலித்தது.

உயிருக்கே ஆபத்து வரக்கூடிய இடமும் இருக்கிறது. கார்களில் உள்ள ஓட்டுநர் உதவி மென்பொருள்களின் பெயர்களை மட்டும் சொல்லி, அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2019இல் மக்களிடம் கருத்துக் கேட்டது. எந்த நிறுவனத்தின் கார் என்பதைச் சொல்லவில்லை. 'ஆட்டோபைலட்' என்ற பெயரைக் கேட்டவர்களில் 48 விழுக்காட்டினர், அது இயங்கும்போது ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுப்பது பாதுகாப்பானது என்றார்கள்; மற்றப் பெயர்களுக்கு அப்படிச் சொன்னவர்கள் 33 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பெயரில் 'உதவி' என்று ஒரு சொல் சேர்ந்தாலே எதிர்பார்ப்பு இறங்கிவிடுகிறது. உங்கள் செய்தி வசதியில் காத்திருக்கும் நொடிகள் முடிந்த பிறகும் அந்தப் பொத்தான் திரையில் தெரிந்தால், பெயர் பொய்யாகிவிடும். ஆகவே நேரம் முடிந்ததும் பொத்தானை மறைத்துவிடுங்கள்.

கேள்வி: சந்தாவை நிறுத்தும் திரையில் 'உங்கள் சந்தாவை ரத்து செய்யவா?' என்று கேட்டு, 'சரி', 'ரத்து செய்' என இரண்டு பொத்தான்கள் வைத்திருக்கிறோம். தவறாக அழுத்திவிட்டதாகப் புகார்கள் வருகின்றன.

பதில்: கேள்வியையும் பொத்தான்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். 'ரத்து செய்' என்றால் சந்தாவை ரத்து செய்வதா, ரத்து செய்வதை ரத்து செய்வதா? எழுதியவருக்கே விடை தெரியாது. 'சந்தாவை நிறுத்து', 'சந்தாவைத் தொடர்' என்று மாற்றிவிட்டால், மேலே உள்ள கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் பார்ப்பவர்கூடத் தவறாக அழுத்தமாட்டார். பெரும்பாலோர் பொத்தானை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: படத் தொகுப்புச் செயலியில், ஒரு தொகுப்பிலிருந்து மட்டும் படத்தை எடுப்பதற்கு 'அகற்று' என்றும், சாதனத்திலிருந்தே அழிப்பதற்கு 'நீக்கு' என்றும் வைத்திருக்கிறோம். வேறுபாடு புரியவில்லை என்கிறார்கள்.

பதில்: அகற்றுவதற்கும் நீக்குவதற்கும் உங்கள் அகராதியில் வேறுபாடு இருக்கலாம், பேசுபவர்களின் காதில் இல்லை. இரண்டு நெருங்கிய சொற்களுக்கு நாமாக வெவ்வேறு பொருளை ஏற்றிவிட்டு, அதைப் பயனர் ஊகிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'தொகுப்பிலிருந்து எடு', 'சாதனத்திலிருந்து அழி'. நீளம் கூடும், ஒருவருடைய படம் போய்விடுவதைவிட அது பெரிய இழப்பில்லை.

இங்கே ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. மெக்கின்டாஷ் கணினியில் வட்டை வெளியே எடுக்க, அதன் படத்தைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துச் செல்லும் வழக்கம் இருந்தது. உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமோ என்று கை நடுங்கியவர்கள் பலர். பின்னாளில் மேக் ஓஎஸ் எக்ஸில், வட்டை இழுக்கத் தொடங்கியதும் குப்பைத்தொட்டியின் படமே வெளியேற்றும் குறியாக மாறும்படி செய்தார்கள்.

கேள்வி: பொத்தானில் 'சேமி' என்று எழுதினால் பயனரை ஒருமையில் விளிப்பது போல இருக்கிறது, 'சேமிக்கவும்' என்று மரியாதையாக எழுதவேண்டும் என்கிறார் எங்கள் மேலாளர்.

பதில்: யார் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். பொத்தானில் இருப்பது பயனர் கணினிக்கு இடும் கட்டளை. கணினியை ஒருமையில் ஏவுவதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்பது கணினி பயனரிடம் கேட்பது. அங்கே மரியாதை வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் செயலி முழுவதும் சொற்கள் ஒழுங்காக அமையும். கூடவே இட நெருக்கடியும் குறையும். பத்து எழுத்துக்குள் அடங்கும் ஆங்கிலச் சொல் மொழிபெயர்ப்பில் இரண்டு, மூன்று மடங்குவரை நீளலாம் என்பது ஐபிஎம் நிறுவனம் வடிவமைப்பாளர்களுக்குச் சொன்ன கணக்கு. தமிழில் 'உம்' சேர்க்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு இன்னும் ஏறும்.

கேள்வி: 'கடவுச்சொல்' நல்லதா, 'பாஸ்வேர்டு' நல்லதா?

பதில்: இன்று இரண்டுமே விளங்கும், ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாத் திரைகளிலும் அதையே எழுதுங்கள். ஒரு திரையில் ஒன்றும் அடுத்த திரையில் மற்றொன்றுமாக இருப்பதுதான் குற்றம்.

கேள்வி: பெயரைச் சோதித்துப் பார்க்கப் பணமும் ஆளும் இல்லாத சிறு குழு நாங்கள். என்ன செய்யலாம்?

பதில்: செயலியைப் பார்த்திராத ஐந்து பேர் போதும். பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, 'இதை அழுத்தினால் என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். பிறகு வேறு ஐந்து பேரிடம் செய்யவேண்டிய வேலையைச் சொல்லி, மெனுவில் எதை அழுத்துவார்கள் என்று கேளுங்கள். வேலையைச் சொல்லும்போது பெயரில் உள்ள சொல் உங்கள் வாயில் வந்துவிடக் கூடாது. வந்தால் விடையைச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். 'உங்களுக்கு இந்தப் பெயர் பிடித்திருக்கிறதா?' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் பிடித்திருக்கிறது என்பார்கள்.

நான் ஒருமுறை 'ஒத்திசை' என்ற பொத்தானை இப்படிக் காட்டியபோது, ஓர் அம்மையார் 'யாரோடு ஒத்துப்போகச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டார். 'எல்லாச் சாதனங்களிலும் புதுப்பி' என்று அன்றே மாற்றினோம். 1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசாவுக்கான சோதனையிலும் இப்படி ஒன்று நடந்தது. 'செய்' என்ற பொருளில் வைத்திருந்த 'டூ இட்' (Do It) பொத்தானை, இரண்டு சொல்லுக்கும் இடைவெளி குறைவாக இருந்ததால், ஒருவர் முட்டாளைக் குறிக்கும் 'டோல்ட்' (dolt) என்ற ஆங்கிலச் சொல்லாகப் படித்து, கணினி தன்னை முட்டாள் என்கிறதே என்று எரிச்சலடைந்தார். அதன் பிறகே அங்கே 'ஓகே' வந்தது. இதையெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: நான் குரல் கட்டளையால் கணினியை இயக்குகிறேன். திரையில் தெரியும் பெயரைச் சொன்னாலும் சில பொத்தான்கள் அசையவே மாட்டேன் என்கின்றன. ஏன்?

பதில்: திரையில் 'அனுப்பு' என்று காட்டிவிட்டு, உதவிக் கருவிகளுக்கான உள்பெயராக வேறொன்றை எழுதியிருப்பார்கள். தெரியும் சொல் உள்பெயரிலும் இருக்கவேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் இணைய அணுக்க வழிகாட்டியின் (WCAG) 2018இல் வந்த 2.1 பதிப்பிலேயே உள்ள விதி. அதைச் சுட்டிக்காட்டி, அந்த மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். சரிசெய்வது பெரும்பாலும் சில நிமிட வேலைதான்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாகத் தவறான பெயரோடு ஒரு வசதி இருக்கிறது. இப்போது மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் ஒரே ஒரு முறை. திரையில் உள்ள பெயரை மாற்றுங்கள், நிரலுக்குள் இருப்பதைத் தொடவேண்டாம். இணைய நெறிமுறையில், நாம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதைத் தளத்துக்குச் சொல்லும் 'ரெஃபரர்' என்ற சொல் ஓர் எழுத்து குறைந்து, பிழையாகவே 1996ஆம் ஆண்டு ஆவணத்தில் ஏறி, இன்றுவரை அப்படியே இருக்கிறது. பயனர் அதைப் பார்ப்பதில்லை என்பதால் யாருக்கும் இழப்பில்லை. பழைய பெயரைத் தேடினாலும் வசதி கிடைக்கும்படி செய்யுங்கள், சில மாதங்களுக்குப் புதிய பெயரின் கீழே 'முன்பு இன்ன பெயர்' என்ற வரியைக் காட்டுங்கள்.

கேள்வி: எவ்வளவு யோசித்தும் ஒரு வசதிக்குப் பெயரே அமையவில்லை. அது கோப்புகளை வகைப்படுத்தும், பழையவற்றை ஒதுக்கும், மற்றவர்களோடு பகிரவும் செய்யும்.

பதில்: அது மூன்று வசதிகள், அதனால்தான் ஒரு பெயருக்குள் அடங்க மறுக்கிறது. 'வகைப்படுத்து', 'பழையவற்றை ஒதுக்கு', 'பகிர்' என்று மூன்று பொத்தான்களாகப் பிரித்துப் பாருங்கள். பிரிக்கவே முடியாது என்று உங்கள் நிரலாளர் சொன்னால், பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு அவரோடு உட்கார்ந்து முதலில் வடிவமைப்பைப் பேசுங்கள்.