எத்தினி அடி இருந்துச்சு?

வணக்கம் அண்ணா, நான் வியாசர்பாடி. தூக்கம் வராம ராத்திரியெல்லாம் பிக்ஃபுட் வீடியோவா பாத்துனு இருக்கேன். அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான பேர் காட்டுல ஆளு மாதிரி நடக்குற குரங்கைப் பாத்ததா சொல்றாங்க. அத்தனை பேருமா பொய் சொல்வாங்க? நீங்க நம்புறீங்களா? 1967ல கலிஃபோர்னியா காட்டுல பிக்ஃபுட்டைப் புடிச்சதா சொல்ற ஃபிலிம்ல இருக்கறது வேஷமா நெசமா? லிங்க் அனுப்பியிருக்கேன், அவசியம் பாருங்க.

தம்பி,

லிங்க்கைத் தொறக்கல, தொறக்கவும் மாட்டேன். அந்த ஃபிலிமுக்கு கலிஃபோர்னியாகாரங்களே இன்னும் அடிச்சிக்கினு கெடக்குறாங்க, நான் தண்டையார்பேட்டையில உக்காந்துனு இன்னா தீர்ப்பு சொல்றது. நம்ம இமயமலையில பனிமனுஷன், அதான் எட்டின்னு சொல்றாங்களே, அதுன்னா சட்டுனு முடிச்சிடலாம். எட்டியோடதுன்னு வச்சிருந்த எலும்பு, தோலு, முடின்னு ஒன்பது சாம்பிளுக்கு டிஎன்ஏ பாத்து 2017ல ரிசல்ட் போட்டாங்க, எட்டு கரடி, ஒண்ணு நாய்.

ஆனா "அத்தனை பேருமா பொய் சொல்வாங்க"ன்னு கேட்டிருக்க பாரு, அது சுருக்குன்னுச்சு. உன்கிட்ட ரெண்டே டப்பாதான் இருக்கு, ஒண்ணு நெசம், ஒண்ணு பொய். பொய் சொல்றவன் இல்லேங்கல. 1958ல கலிஃபோர்னியாவுல ப்ளஃப் க்ரீக் பக்கம் ரோடு போடுற எடத்துல பெருசு பெருசா காலடி தெரிஞ்சு, அதை வச்சுதான் பிக்ஃபுட்ன்ற பேரே பேப்பர்ல வந்து ஊரெல்லாம் பரவுச்சு, அங்க கான்ட்ராக்ட் எடுத்திருந்த ரே வாலஸ் 2002ல செத்ததும் அவரு வீட்டாளுங்களே மரத்துல செதுக்குன பாதத்தை எடுத்துக் காட்டுனாங்க. சரி, அவரு கூத்தடிச்சாரு, வுடு. நடுராத்திரி நெசமாவே எதையோ பாத்து ஒடம்பெல்லாம் ஒதறிப் போறானே ஒருத்தன், அவனை எந்த டப்பாவுல போடுவ?

எங்க பெரியப்பா அப்படி ஒரு ஆளு. சினிமா தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிற வேலை, செகண்ட் ஷோ வுட்டு கொருக்குப்பேட்டை ரயில்வே லைன் ஓரமா சைக்கிள்ல வருவாரு. நான் அப்ப ஏழாவது. ஐப்பசி மழை, கரண்ட் இல்ல. வீட்டுக்கு வந்தவரு சட்டையைக் கூட கழட்டாம வாசப்படியில குந்திட்டாரு. பெரியம்மா எத்தினியோ தடவை கேட்டும் ஒரே பதில், "இன்னாமோ கறுப்பா நின்னுச்சுடி." அவ்ளோதான். அவரு வண்டியில டைனமோ லைட்டு, மிதிச்சாதான் எரியும். அதைப் பாத்ததும் காலு நின்னுடுச்சு, லைட்டும் அணைஞ்சுடுச்சு. ரெண்டு செகண்டு பாத்திருப்பாரா?

காலையில தண்ணி லாரிகிட்ட ஒருத்தன் கேட்டான், "எத்தினி அடி இருந்துச்சுண்ணே?"

தம்பி, இந்தக் கேள்விதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு. லைட்டு இருந்துச்சான்னு எவனும் கேக்கல, எவ்ளோ தூரத்துலன்னு கேக்கல, கண்ணாடி போட்டிருந்தியான்னு கேக்கல (போடல, மழைக்கு கழட்டி ஜோபியில வச்சிருந்தாரு). அடிக்கணக்கு கேட்டா மனுஷன் இன்னா பண்ணுவான், ஒரு நம்பர் சொல்லித்தான் ஆவணும். ஆறடின்னாரு. டீக்கடையில ஏழாச்சு. அடுத்த வாரம் கழுத்தே இல்ல, தலை கூம்பா இருந்துச்சுன்னாரு, அதுவும் எவனோ கேட்டதுக்கு சொன்ன பதிலுதான். பொங்கலுக்குள்ள எட்டடி. அதுல ஒரு இடத்துல கூட அவரு பொய் சொல்லல, நான் சத்தியம் பண்ணுவேன்.

உன் 1967 ஆளுங்களையே எடுத்துக்க. கேமரா புடிச்ச பேட்டர்சன் மொதல்ல ஆறரைலருந்து ஏழடின்னாரு, அப்புறம் ஏழரைன்னாரு. கூடவே இருந்த கிம்லின் ஆறடின்னாரு. பட்டப்பகல், ஒரே மிருகம், ஒண்ணரை அடி வித்தியாசம்! 2001 மே மாசம் டெல்லியில குரங்கு மனுஷன்னு ஒண்ணு கெளம்புச்சே, ஒருத்தர் நாலடின்னாரு, இன்னொருத்தர் எட்டடின்னாரு, மொட்டை மாடியில படுத்திருந்தவங்க பயத்துல குதிச்சு செத்தே போனாங்க. நீ படுத்துனு பாக்குற வீடியோவுலயும் மொதல் கேள்வி அடிக்கணக்காதான் இருக்கும், போய்ப் பாரு. ஆயிரம் பேர் ஒரே மாதிரி சொல்றாங்கன்னு வாயைப் பொளக்குற, ஆயிரம் பேர்கிட்டயும் ஒரே மாதிரி கேட்டா வேற எப்படிடா வரும்?

பெரியப்பாவால அப்புறம் பின்வாங்க முடியல. பேரே "எட்டடி"ன்னு ஆயிடுச்சு, பசங்க கூப்புட்டுட்டு ஓடுவானுங்க. "சரியாத் தெரிலடா"ன்னு சொல்ற பாக்கியம் அந்த மனுஷனுக்குப் போயே போச்சு.

நான் காலேஜ் சேந்தப்புறம் ஒரு மழை நாளு, அவரை ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போறேன், கூட்ஸ் ஷெட் கிட்ட டீ குடிக்க ஒதுங்கினோம். எதிர்க்க லோடு ஏத்துறவர் ஒருத்தர், கோணிப்பையோட ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள்ள மடிச்சு வுட்டு தலையில மாட்டிக்கினு நின்னாரு. கழுத்து தெரியல. தலை கூம்பா. முதுகெல்லாம் ஈரத்துல கறுத்து, தோளு இவ்ளோ அகலம்.

நான் பெரியப்பாவைப் பாக்கல. அவரும் என்னைப் பாக்கல. கிளாஸைக் கீழ வச்சுட்டு, "டோக்கன் குடுத்துருவாங்க, வா போலாம்"னு குடையை விரிச்சாரு.