வீட்டுக்குள் உதைத்து விளையாட மெத்தென்ற கால்பந்து எப்படிச் செய்வது?

மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, எடையும் துள்ளலும் குறைய வேண்டும். வழக்கமான 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம். டிவியில் பட்டால் கதை முடிந்தது!

துள்ளலுக்கு ஃபுட்சால் (உள்ளரங்கக் கால்பந்து) பந்தைப் பாருங்கள்: 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால், முதல் துள்ளல் 50 முதல் 65 செ.மீ.தான். ஆனால் அதுவும் 400 கிராமுக்குக் குறையாது, வீட்டுக்கு ஆகாது.

1970இல் வந்த நெர்ஃப் பந்து போல முழுக்க ஃபோம் என்றால் எதுவும் உடையாது. சரி, ஆனால் வெறும் ஃபோம் நகம் பட்டாலே பிய்ந்து, சோபா அடியெல்லாம் மஞ்சள் துணுக்காகக் கிடக்கும். அதனால் மேலே கெட்டியான துணியுறை போடுங்கள். ஆரஞ்சுச் சுளை வடிவில் ஆறு துண்டுகள் வெட்டி, தையல் உள்பக்கம் போகும்படி தைத்தால் போதும். ஜிப் மட்டும் வேண்டாம், வெறுங்காலில் உதைத்தால் கீறும்.