அலரிச் செடியில் மாட்டிய பறை

அன்புள்ள போதகர் ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

ஆராதனையில் பறை இசைக்கலாம் என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் அம்மாவைப் பெற்ற தாத்தா, ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்கப் போயே ஆகவேண்டிய குடும்பத்தில் பிறந்தவர். ஞானஸ்நானம் பெற்ற வருடம், இனி அடிக்க மாட்டேன் என்று பறையைப் பரணில் போட்டுவிட்டார். அதற்காகக் கூலி வேலையை நிறுத்தினார்கள், கிணற்றுப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். அம்மா இன்றும் அதைச் சொல்வார். போன மாதம் எங்கள் சபை வாலிபர்கள் பறையோடு பாடியபோது அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த ஞாயிறு கோயிலுக்கே வரவில்லை. தாத்தா எதை விட்டுவிட்டு வந்தாரோ, அதையே ஏன் பீடத்துக்கு முன்னால் கொண்டுவருகிறீர்கள்? ஆராதனை மனதுக்குச் சமாதானம் தர வேண்டாமா? நீதியை மேடையில் பேசுங்கள், பாட்டுக்குள் எதற்கு?

ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதலில் தாத்தாவைப் பற்றிப் பேச வேண்டும்.

137ஆம் சங்கீதம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுதவர்கள் தங்கள் கின்னரங்களை, அதாவது யாழ் போன்ற நரம்புக் கருவிகளை, அலரிச் செடிகளின்மேல் தூக்கி வைத்தார்கள். ஏன் வைத்தார்கள் என்பதை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். சிறைபிடித்துக்கொண்டு போனவர்கள் 'பாடுங்கள்' என்றார்கள், அதனால் வைத்தார்கள். பாட்டு அவர்களுக்குக் கசந்துவிடவில்லை. அதட்டுகிறவனுக்காகப் பாடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். உங்கள் தாத்தா பரணில் போட்டது அந்தக் கின்னரத்தைத்தான். கூலியும் தண்ணீரும் போனாலும் போகட்டும் என்று அவர் அதைச் செய்தார். அவர் செய்ததைவிடப் பெரிய ஆராதனை எங்கள் சபை எதிலும் நடந்ததாக நான் நினைக்கவில்லை.

அந்த ஜனத்துக்கு 126ஆம் சங்கீதமும் இருக்கிறது. சிறையிருப்பு திரும்பியபோது வாய் நகைப்பால் நிறைந்தது, நாவு ஆனந்த சத்தத்தால் நிறைந்தது என்று பாடுகிறார்கள். அதட்டுகிறவன் இல்லாத இடத்தில் வாயைத் திறந்தார்கள். அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நம் கோயிலுக்குள் அதட்டுகிறவன் போய்விட்டானா?

இந்தக் கேள்வியை நான் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன். ஊழியத்துக்கு வந்த புதிதில் ஒரு கிராமச் சபையில் அறுப்பின் பண்டிகைக்குப் பறை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கீழத்தெருவில் ஒரு பெரியவர் இளவயதில் நன்றாக அடிப்பார் என்று சொன்னார்கள். வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "ஐயா, இதுவரை என்னை அடிக்கச் சொன்ன எல்லாரும் என்னைவிட உயரத்தில் நின்றுதான் சொன்னார்கள். நீங்களும் அங்கியோடு வந்து நிற்கிறீர்கள்." நல்ல எண்ணத்தோடுதான் போனேன். ஆனாலும் அன்று நான் போன பாதை ஊர்க்காரர்கள் அவர் வீட்டுக்குப் போன அதே பாதை. இதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அதன் பிறகு இரண்டு காரியங்களில் உறுதியாக இருக்கிறேன். பறையைக் கீழே வைத்தவர் யாரையும் அடிக்கச் சொல்லிக் கேட்பதில்லை. ஒரே தெருப் பிள்ளைகள் மட்டும் அடிக்க, மற்றத் தெருக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதானால் அந்த ஆராதனை நடக்கக் கூடாது. அது பழைய ஊர் ஏற்பாட்டுக்கு வெள்ளையடித்துச் சிலுவை வைப்பதுதான். பிற்பாடு நான் இருந்த இன்னொரு சபையில் ஆறு பேர் பழகினார்கள், இரண்டு தெருவிலிருந்தும். மேலத்தெருவில் ஒரு குடும்பம் கோயிலுக்கு வருவதை நிறுத்தியது. அவர்கள் வீட்டுப் பெண் மட்டும் வந்தாள், அடித்தாள். பண்டிகை அன்று விடியுமுன் பனியில் தோல் தொய்ந்து கிடந்தது. கோயிலுக்குப் பின்னால் தென்னோலையைக் கொளுத்தி, வளையத்தைத் திருப்பித் திருப்பி அனலில் காட்டினார்கள். அவள் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். 'தொம்' என்றது. இன்னும் கொஞ்சம் காட்டி மறுபடி தட்டினாள், 'டங்' என்றது. ஒரு கையில் குட்டை அடிக்குச்சி, மறு கையில் நீளமான மூங்கில் சிம்பு. மாட்டுத் தோலைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண் பீடத்துக்கு முன் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். சாதி பாவம் என்று நான் செய்த பிரசங்கங்களை அடுக்கிவைத்தாலும் அதற்கு ஈடாகாது.

பாட்டுக்குள் நீதி எதற்கு என்கிறீர்கள். நம் கீர்த்தனைப் புத்தகத்துக்குள்ளேயே அந்த வழக்கு இருக்கிறது சகோதரி. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரை (1774–1864) நான் நேசிக்கிறேன். அவர் பாடல்கள் இல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவனுக்குப் பாட்டு ஏது? ஆனால் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று மிஷனரிகள் வற்புறுத்தியபோது அதை எதிர்த்து எழுதியவரும் அவர்தான். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூர்ச் சபை இரண்டுபட்டது. எந்த ராகம் கோயிலுக்குள் வரலாம், எந்தத் தோல் வாசலோடு நிற்க வேண்டும் என்பதை நம் முன்னோர் ஜெபத்தினால் மட்டும் தீர்மானிக்கவில்லை.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவர், மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். 'பரட்டை' என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டார். கிராமத்து மெட்டில், கிராமத்துப் பேச்சில் முழு ஆராதனை முறையே எழுதினார். கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லுக்குள் அம்மாவும் உண்டு, அப்பாவும் உண்டு. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே உலையில் அரிசி போட்டுப் பொங்கித் தின்பதைத்தான் அவர் திருவிருந்து என்றார். நாட்டுப்புற மெட்டை அவர் பிடித்துக்கொண்டதற்கு உணர்ச்சியைத் தாண்டிய காரணம் இருந்தது. கீர்த்தனையைத் திருத்த வித்துவான் வேண்டும், மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைக்கு ஆர்கன் வேண்டும். களையெடுக்கிறவள் ஒரு தரம் கேட்டாலே நாட்டுப்புறப் பாட்டைப் பாடிவிடுவாள், அடுத்த நாள் தன் துக்கத்தையும் அதில் ஓர் அடியாகச் சேர்த்துவிடுவாள். பாட்டு அவள் சொத்தாகிவிடுகிறது.

சமாதானம் பற்றிக் கேட்டீர்கள். காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறவர்கள் மேல் எரேமியா தீர்க்கதரிசி கோபப்பட்டார். சமாதானம் இல்லாதபோதே 'சமாதானம், சமாதானம்' என்கிறார்கள் என்றார். எத்தனையோ சபைகளில் நான் கண்ட அமைதி அந்த மேற்பூச்சுதான். கல்லறையில் தனி மூலை, கமிட்டியில் தனிப் பட்டியல், பாட்டு மட்டும் ஒரே சுருதி. 1950ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணை கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்கிறது. சபைக்குள் வந்தால் சாதி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அடிபட்டவர்களிடம் மெல்லிய குரலில் பாடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் உங்கள் அம்மா எழுந்து போனது வேறு. அவர் சமாதானத்தைக் கெடுக்கவில்லை, தன் அப்பாவுக்குச் சாட்சியாக எழுந்து போனார். அவரைக் கேட்காமல் அந்த வாலிபர்கள் அடித்தது தவறு. நான் திண்ணையில் செய்த அதே தவறு.

என்னைக் கேட்டால், அந்தப் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், பறை இல்லாமல். தாத்தாவின் கதையை அம்மா சொல்லட்டும், அவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்கட்டும். அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் சக்தி கலைக்குழுவைப் பற்றிச் சொல்லுங்கள். கன்னியாஸ்திரீகள் தொடங்கிய குழு. அங்கே தலித் பெண் பிள்ளைகளே பறையடிக்கிறார்கள். தாத்தா காலத்தில் பெண் கையில் பறை கிடையாது. இவர்களை அடிக்கச் சொல்லி எந்த ஊரும் ஆள் அனுப்பவில்லை. அந்த வேறுபாடு அம்மாவுக்கு என்னவாகத் தோன்றுகிறது என்று அறிய எனக்கு ஆவல். ஆனால் வற்புறுத்த வேண்டாம்.

அதன் பிறகு, கோயிலில் பறை அடிக்கலாமா என்று வாலிபர்கள் அவரிடமே கேட்கட்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால், அவர் வருகிற ஞாயிறுகளில் கையைத் தட்டிப் பாடுங்கள்.

ஸ்தோத்திரம்.