மகளின் ஆறு வார லிஸ்பன் படிப்புக்கு பென்ஷன் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 51 வயது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ப்ராஸ்பெக்டனில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், மாதம் 24,000 ராண்ட் சம்பளம். மகள் சமூகப் பணிப் பட்டத்தில் இரண்டாம் ஆண்டு. வரும் ஜூன் 15 முதல் ஆறு வாரம் லிஸ்பனில் ஒரு கோடைகாலப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. காலையில் வகுப்பு, பிற்பகலில் குடியேறிகளுக்கு உதவும் மையத்தில் தொண்டு. தங்கும் அறையும் சேர்த்து 2,400 யூரோ. என் பென்ஷனில் டூ-பாட் முறைப்படி, ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதியில் 46,000 இருக்கிறது. அதில் 40,000 எடுத்துவிட்டு மீதிக்கு லோன் போடலாமா? மாதம் 2,300 வரை கட்ட முடியும். மகள் பெயரில் அவளுடைய ஆயா (பாட்டி) தொடங்கிய வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 28,000 இருக்கிறது. மனைவிக்கு டிசம்பரில் சீட்டுப் பணம் 15,000 வரும். முன்பணம் இந்த பிப்ரவரி முடிவதற்குள் கட்ட வேண்டும்.

பதில்: எடுக்காதீர்கள். மகளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வருடம் வேண்டாம் என்கிறேன்.

முதலில் செலவையே திரும்பப் பார்ப்போம். ஒரு யூரோவை 21 ராண்டாக வைத்தால் 2,400 யூரோ என்பது 50,400 ராண்ட். உங்கள் மனதில் இருப்பது இந்தத் தொகைதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஜூன் என்றால் ஐரோப்பாவில் விடுமுறைக் கூட்டம். டர்பனிலிருந்து போய்வர விமான டிக்கெட்டுக்கு 18,000 ஆவது ஒதுக்குங்கள். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம், பேப்பர் வேலை எல்லாம் சேர்த்து 3,000. அந்த விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்பீடு கட்டாயம், அதற்கு ஒரு 1,500. சாப்பாடும் பஸ்ஸும் நாளுக்கு 25 யூரோ என்றால் 42 நாளுக்கு 22,050. கூட்டினால் 94,950. விளம்பரத்தில் பார்த்த தொகையைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

இப்போது அந்த 40,000. சேமிப்புப் பகுதியிலிருந்து எடுக்கும் பணம் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் 2,88,000 சம்பளத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு ராண்டுக்கும் 26 சதவீத வரி. ஆக 10,400 வரித்துறையான சார்ஸுக்குப் போய், கைக்கு 29,600 வரும். அதிலும் ஃபண்டின் நிர்வாகக் கட்டணம் கழியும். பழைய வரிப் பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இதே பணத்தை ஓய்வு பெறும்போது மொத்தமாக வாங்கினால், அப்படி வாங்கும் தொகையில் முதல் 5,50,000 ராண்டுக்கு வரியே இல்லை. இன்னொரு கணக்கும் உண்டு. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டு ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தாலே, 63 வயதில் அந்த 40,000 இன்றைய மதிப்பில் சுமார் 71,800 ஆகியிருக்கும். 2024 செப்டம்பர் 1-இல் இந்த முறை வந்ததிலிருந்து என்னிடம் வருகிற பாதிப் பேர் இதை ஏடிஎம் மாதிரிதான் பார்க்கிறார்கள். அவசரத்துக்கு என்று வைத்த பணம் அது. வேலை போனால், கூரை ஒழுகினால் எடுங்கள்.

அப்புறம் லோன். பென்ஷனிலிருந்து 29,600 வந்தாலும் 65,000-க்கு மேல் குறையும். அடமானம் இல்லாத லோன், 20 சதவீத வட்டி, மூன்று வருடம் என்று வைத்துப் பார்த்தேன். மாதத் தவணை சுமார் 2,415, அதோடு வங்கியின் மாதச் சேவைக் கட்டணம் 69. இதுவே நீங்கள் சொன்ன 2,300-ஐத் தாண்டிவிட்டது. முடியும்போது வட்டியும் கட்டணமுமாக ஏறக்குறைய 24,400 கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். டிக்கெட்டை விடப் பெரிய செலவு.

பணத்தை விட்டுவிட்டுக் காலண்டரைப் பாருங்கள். வடக்கே கோடை, நமக்குக் குளிர்காலம். ஜூன் 15-இல் தொடங்கி ஆறு வாரம் என்றால் ஜூலை கடைசி வாரம் வரை போகும். ஜூன் நடுவில் இங்கே தேர்வுகள் முடிந்திருக்குமா? இரண்டாம் செமஸ்டர் தொடங்கிய பிறகுதானே திரும்பி வருவாள்? துணைத் தேர்வு எழுத நேர்ந்தால் அதுவும் ஜூலையில்தான் வரும். தேர்வு அட்டவணையையும் விமான டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முன்பணம் கட்டியவர்களை நான் அறிவேன்.

இந்தப் படிப்புக்கு அவள் பட்டத்தில் கிரெடிட் (பாட அளவுப் புள்ளி) கிடைக்குமா என்பதையும் அவளே துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்கட்டும். ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் தென்னாப்பிரிக்காவில் 10 மணி நேரம். அங்கே 6 கிரெடிட் வாங்கினால் இங்கே 15 முதல் 18 வரைக்குச் சமம், அதாவது ஒரு பாடம் அளவுக்கு. இங்கே அதை ஏற்றுக்கொண்டால் ஒரு பாடத்தின் கட்டணம் மிச்சமாகும், இல்லையென்றால் அழகான சான்றிதழோடு சரி. தொண்டு செய்த நேரம் பட்டத்துக்குத் தேவையான களப்பயிற்சியில் சேருமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். சேரும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தொண்டு செய்வதற்கு இவ்வளவு பணமா என்று உங்கள் வீட்டில் யாராவது முணுமுணுத்திருப்பார்கள். நியாயமான கேள்விதான். 1921-இல் டர்பனில் தொடங்கிய ஆரியன் பெனவலன்ட் ஹோம் சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிறது, அங்கே தொண்டு செய்ய விசா தேவையில்லை. ஆனாலும் வேறு நாட்டில் குடியேறிகளோடு வேலை செய்வது சமூகப் பணி படிக்கும் பெண்ணுக்கு உண்மையிலேயே பயன்படும். அதனால்தான் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சமூகப் பணிப் பட்டம் நான்கு வருடம். அடுத்த ஜூனிலும் அவள் மாணவிதான். லோனுக்குக் கட்டத் தயாராக இருந்த அதே 2,300-ஐ மார்ச் முதல் அடுத்த மே வரை 15 மாதம் தனிக் கணக்கில் போடுங்கள், 34,500 சேரும். சீட்டுப் பணம் 15,000. மகள் டியூஷன் எடுத்தோ கடையில் நின்றோ மாதம் 700 சேர்த்தால் 10,500. ஆக 60,000. மீதிக்கு அந்த 28,000-ஐத் தொடலாம். இதில் எனக்கு அவ்வளவு பயமில்லை. எடுத்தால் வரி கிடையாது. ஆனால் எடுத்ததைத் திரும்பப் போட்டால் அது புதிய முதலீடாகவே கணக்காகும், அந்தக் கணக்கில் போடக்கூடிய தொகைக்கு உள்ள வரம்பில் போனது திரும்ப வராது. 20 வயதுப் பெண் வாழ்நாள் வரம்பை எட்ட இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. ஆயா இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். அதற்குப் பிறகும் ஏழாயிரம் போலக் குறையும். கொஞ்சம் வட்டி வரும். கட்டணச் சலுகை உண்டா என்று கேட்க ஒரு வருட அவகாசமும் இருக்கிறது.

யூரோவை ஒரே நாளில் வாங்க வேண்டாம். 2015 டிசம்பர் 9 அன்று நிதியமைச்சர் ந்லாந்லா நெனே நீக்கப்பட்டபோது சில நாட்களிலேயே ராண்ட் எப்படிச் சரிந்தது என்று உங்களுக்கும் நினைவிருக்கும். கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். மகளுக்கு 18 வயது தாண்டிவிட்டதால் அவள் பெயரிலேயே வங்கி வழியாக அனுப்பலாம். இந்தச் சிறிய தொகைக்கு சார்ஸ் அனுமதி தேவையில்லை.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிடைத்த இடத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றித் தர முடியுமா, விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்ப வருமா என்று படிப்பை நடத்துபவர்களுக்கு மகள் ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால், அடுத்த வருடமும் அவர்களிடம் முன்பணம் கட்டாதீர்கள்.