சூரியனே தலைகாட்டாத குளிர்காலத்தில் அண்டார்டிகாவில் பனி எப்படி உருகும்?

உருகும், காற்றாலேயே உருகும். 2016 மே மாதம் லார்சன் சி பனித்தட்டில் அதுதான் நடந்தது. பனித்தட்டு என்றால் நிலத்தை ஒட்டியபடி கடல்மேல் மிதக்கும் பெரும் பனிப்பரப்பு; லார்சன் சி இருப்பது அண்டார்டிகா தீபகற்பத்தின் கிழக்குக் கரையில்.

அண்டார்டிகா தீபகற்பத்தின் நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு மலைத்தொடர். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் ஏறும்போது ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றிலேயே தங்குகிறது. உலர்ந்த காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுக்கப்பட்டு, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடாகிறது. இதுதான் ஃபான் காற்று. கோடையில் இது மேகத்தையும் கலைத்துவிடுவதால் வெயிலும் சேர்ந்துகொள்கிறது.

சரி, உருகிய நீர் திரும்ப உறைந்துவிடாதா? உறையும். ஆனால் பனித்துகள்களுக்கு இடையே உள்ள காற்றிடைவெளிகள் அதனால் அடைபடுகின்றன. அப்புறம் உருகும் நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே குளமாகத் தேங்கும். குளம் வெள்ளைப் பனியைவிட அதிக வெயிலை உறிஞ்சும். விரிசலுக்குள் நிரம்பினால் தன் எடையாலேயே அதை ஆழமாகப் பிளக்கும். 2002-ல் லார்சன் பி பனித்தட்டின் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் நொறுங்கியதற்கு இந்தக் குளங்கள் முக்கியக் காரணம்.

எல்லா இடத்திலும் மலைக்காற்றுதான் என்று நினைக்க வேண்டாம். 2016 ஜனவரியில் ராஸ் பனித்தட்டை உருக்கியது கடலிலிருந்து வந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று. அங்கே மேகம் கலையவில்லை. தரையின் வெப்பம் தப்பாமல் தடுத்ததே மேகங்கள்தான்.