ஆமை முட்டைகளை ஏன் தோண்டி எடுத்து வேறு இடத்தில் புதைக்கிறார்கள்?

சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நள்ளிரவில் சிலர் மணலையே பார்த்தபடி நடப்பார்கள். இதற்குப் பெயர் 'ஆமை நடை'. பங்குனி ஆமை என்ற கடலாமை இட்ட முட்டைகளைத் தேடி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் மறுபடி புதைக்கும் தன்னார்வப் பணி. மாணவர்கள் 1988 முதல் இதைச் செய்துவருகிறார்கள்.

ஆமை கரையேறிய தடம் டிராக்டர் சக்கரம் போன மாதிரி இருக்கும். அது முடியும் இடத்தில் மணலுக்குள் நூற்றுச் சொச்சம் முட்டைகள், பிங்பாங் பந்து அளவில், தொட்டால் லேசாக அமுங்கும்.

சரி, ஏன் எடுக்க வேண்டும்? நாய்கள் தோண்டித் தின்றுவிடும். அதைவிடக் கொடுமை, 45 முதல் 60 நாளில் பொரியும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம் நகரும். ஒருகாலத்தில் வெளிச்சமான பக்கம் என்றால் கடல்தான், இன்று தெருவிளக்கு. பாவம், அவை சாலைக்குப் போய்விடுகின்றன.

நெல்லை நாற்றங்காலில் காத்து வளர்த்து வயலில் நடுகிறோமே, அப்படித்தான் முட்டைகளைப் பொரிப்பகத்தில் காத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுவதும்.

முட்டையை எடுத்து வைப்பதே எப்போதும் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கரை இருட்டாகவும் பாதுகாப்பாகவும் இருந்தால் தாய் இட்ட இடத்திலேயே விடுவதுதான் சரி.